கருப்பன் தராத கைப்பிடி

எந்த லோகத்தில் இருந்தாலும் அங்கேயும் ஓரிடத்தில் உட்காராத என் மாமாவுக்கு,

கருப்பன் உங்கள் காரின் கைப்பிடியைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். இன்று காலையில்தான் பூக் கேட்டோம். பூ இடது பக்கம் விழுந்தது. கோயிலிலிருந்து வந்தது முதல் கடைக்கும் கார்க் கொட்டகைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. கையையாவது ஓரிடத்தில் நிறுத்திப் பார்ப்போம் என்றுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

இது யார் யார் கண்ணில் படுமோ தெரியாது. படிக்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று சொல்ல உங்கள் பெயரை எழுத வேண்டும். கழுத்தை நீட்டிய நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரை, நீங்கள் போன பிறகா எழுதப் போகிறேன்? ரோடே இல்லாத கொல்லிமலைக்கு, செம்மேட்டுச் சந்தையில் இருக்கிற நம் கடை வரைக்கும், ஒரு காரைத் தூக்கிக்கொண்டு வந்த மனுசர் என்றால் போதும். இந்தச் சுற்று வட்டாரத்தில் அப்படி ஒருத்தர்தான்.

நாளை மறுநாள் ஆடிப் பதினெட்டு. காரவள்ளியிலிருந்து உங்கள் அண்ணன் வருகிறார். சாமி கும்பிட மட்டும் வரவில்லை. சுமை தூக்கும் ஆட்களை மூங்கில் கழிகளோடு கூட்டிக்கொண்டு வருகிறார். உலகச் சண்டை நடக்கிற காலம், பழைய இரும்புக்கு நல்ல கிராக்கியாம். காரைப் பிரித்து இறக்கிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு, என்னையும் கீழே அவர் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறார். மாசியில் வந்தபோதே அதைச் சொல்லிவிட்டார்.

"அம்மிணி, ஒத்தப் பொம்பளையா இந்த மலங்காட்டுல எத்தனை நாளைக்கு இருப்பே? நம்ம ஊட்டுல உனக்கு ஒரு மூலை இல்லாமயா போச்சு?"

நல்ல மனுசர், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மூலை என்ற சொல் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவில்லை. நான் மூலையில் இருக்கிற ஆளா மாமா? காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று நீங்களே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறீர்கள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பதில் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன்.

"இந்தக் காரை ஓட வெக்கிறேனுங்க. கேப்பை அரைக்கிற மிசினா மாத்தி இங்கயே பொழைச்சுக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாக்கறேன்" என்றார். அன்றைக்கு அது எங்கோ தூரத்தில் இருந்தது. இப்போது கதவைத் தட்டுகிறது.

சேந்தமங்கலத்தில் ஒரு மிராசு வீட்டு மாட்டுக் கொட்டகையில் அந்தக் காரை நீங்கள் முதலில் பார்த்தபோது அதன் பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது என்று சொன்னீர்கள். வாங்கினீர்கள், சரி. வாங்கியதைக் காரவள்ளியில் உங்கள் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களா நிறுத்துவீர்கள்? அடிவாரத்தில் யாரோ சர்வே ஆட்கள் வந்து குச்சி நட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். மலைக்கு ரோடு வரப்போகிறது என்று உங்களுக்கு முடிவாகிவிட்டது. ரோடு வந்தால் கார்கள் கீழேயிருந்து மேலே வருவது பெரிதில்லையாம். முதல் கார் மேலேயிருந்து கீழே இறங்க வேண்டுமாம். அதைப் பார்த்துக் காரவள்ளி வாயைப் பிளக்க வேண்டுமாம்.

அந்தக் கிறுக்குக்காக ஒரு முழுக் காரையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மலையேற்றினீர்கள். மலைச் சுமைக்காரன் சடையனும் அவன் கூட்டமும் தூக்கினார்கள். பலாப்பழமும் மிளகு மூட்டையும் இறக்குகிற அதே பாதை, அதே தோள்கள். இன்ஜினைக் கழியில் கட்டி, நோயாளியைத் தூக்குகிறது போலத் தூக்கி வந்தார்கள். கார் உடம்பைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக்கொண்டு ஆறேழு பேர் உள்ளேயே நடந்தார்கள். மேட்டில் நின்று பார்த்தபோது காருக்குக் கால் முளைத்து மலையேறுவது மாதிரி இருந்தது. நான் சிரித்த சிரிப்பில் இடுப்பே வலித்தது. நீங்கள் மட்டும் கல்யாண ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளை போல முன்னால் நடந்து வந்தீர்கள்.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை இன்னும் போடவில்லை என்று, தூக்கியவர்கள் அவரவர் சுமையை அவரவர் வீட்டிலேயே வைத்தார்கள். கொட்டகை போட்டு முடிப்பதற்குள் மலைக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. கார் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தது. நானும் அப்படித்தான் கிடந்தேன்.

மாசியில் உங்கள் அண்ணன் இறங்கிப் போன மறுநாள் சடையனைக் கூப்பிட்டேன். யார் எதைத் தூக்கினார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் முன்விளக்கின் கிண்ணத்தில் மிளகு அளந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் காரின் கதவு பன்றிப் பட்டிக்குக் கதவாகியிருந்தது. கேட்டதும் முகம் கோணாமல் கழற்றிக் கொடுத்தார்கள். பன்றி நனையக் கூடாதே என்று நம் கடைத் தட்டுப் பலகையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எல்லாம் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. கோணிகளை அவிழ்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. முன்சக்கரத்துச் சாமானோடு பின்பக்கத்து ஆணிகள். ஸ்டியரிங்கோடு சைலன்சர் குழாய். சடையன் அமைதியாகச் சொன்னான்.

"காவடிக் கழியில தூக்குனமுங்க அம்மிணி. ரெண்டு பக்கமும் எடை ஒண்ணா இருந்தாத்தான தோளு தாங்கும்? அதான் எடை பாத்து எடை சேத்துக் கட்டுனமுங்க."

எந்தச் சாமான் எந்தச் சாமானுக்குச் சொந்தம் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை மாமா. இது எவ்வளவு கனம், அதற்கு ஈடு எது என்றுதான் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எங்கேயாவது ஒரு காரை இப்படிப் பிரித்திருப்பார்களா?

இதில் இன்னொரு கூத்து. ஒரு கோணியில் உருண்டையாக, வழவழப்பாக ஒரு கனமான சாமான் இருந்தது. முழுக்க மண். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன், விளக்கெண்ணெய் தடவினேன், துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்தேன். இன்ஜினுக்குள் எங்கே பொருந்தும் என்று நாள் கணக்காகத் தேடினேன். கடைசியில் சடையனிடம் காட்டினால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான்.

"அது ஆத்துக் கல்லுங்க. அந்தப் பக்கம் எடை கொறஞ்சுதுன்னு போட்டமுங்க."

நீங்கள் இருந்திருந்தால் சாகும்வரை அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்திருப்பீர்கள். கல்லை வெளியே வீச மனசு வரவில்லை. கொட்டகை மூலையிலேயே கிடந்தது.

அப்புறம் நடந்ததை எல்லாம் விவரமாகச் சொன்னால் நீங்கள் இங்கே எழுந்து வந்துவிடுவீர்கள். இன்ஜின் என்றால் என்ன என்றே தெரியாத ஒருத்தி, ஆணியை எடுத்து ஒவ்வொரு துளையிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். சேர்ந்தால் சந்தோசம், சேராவிட்டால் அடுத்த துளை. மாட்டியதைக் கழற்றி, கழற்றியதைத் தலைகீழாக மாட்டி, மறுபடி கழற்றினேன். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் ஒழுகிக்கொண்டே இருந்தது. கோபத்தில் அடுப்பில் இருந்த கேப்பைக் கூழைக் கரைத்து ஊற்றினேன். ஒழுக்கு நின்றுவிட்டது! இந்த வீட்டில் ஆக்கியதைக் குறை சொல்லாமல் குடித்தது அந்தக் கார் ஒன்றுதான்.

உங்கள் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த வெள்ளைச் சீலையில் இப்போது வெள்ளை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அதற்குக் காரணம் கரி. பெட்ரோல் எங்கே கிடைக்கிறது இந்தக் காலத்தில்? சேந்தமங்கலத்தில் பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். கடைச் சாமான் வாங்கப் போனபோது அந்தப் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தேன். புருசனைத் தேடுகிறாயா என்று ஒருத்தர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்று வந்தேன்.

கரிக்கு மலையில் என்ன பஞ்சம்? தார்ப் பீப்பாய் ஒன்றை மேலே தூக்கிவரச் சொல்லி, காருக்குப் பின்னால் மாட்டினேன். என் அப்பன் வீடு புளியஞ்சோலைப் பக்கம் அல்லவா, அங்கே ஓடாமல் நின்றுபோன ஒரு அரவை மில்லிலிருந்து கல் ஜோடி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். காரின் பின்சக்கரம் ஒன்றை மட்டும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, டயரைக் கழற்றிவிட்டு, அதில் பெல்ட்டை மாட்டினால் கல் சுற்றும். இதுதான் என் திட்டம்.

"காரு ஒடம்பைப் பாதியா அறுத்து எறிஞ்சாப் பெல்ட்டுக்கு நல்லா எடம் வருமுங்க" என்றான் சடையன். கோடாலியோடு வந்தே நின்றான்.

"ஒரு தகரத்தைக்கூட அறுக்கக் கூடாது சடையா. நாம மாட்டுறது எதுவா இருந்தாலும் மறுபடி கழட்டுற மாதிரி இருக்கணும்."

"எதுக்குங்க கழட்டோணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அறுக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. டயரைத் துடைத்து, எலி கடிக்காமல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உங்கள் காரை உங்களுக்குத் தெரியாமல் வேறொன்றாக ஆக்கிவிடுகிறேனோ என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஓட்டத்தானே தூக்கி வந்தீர்கள்? நான் மாவரைக்க வைக்கிறேன். கோபமா?

இத்தனையும் சேர்ந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். முன்னால் நின்று இன்ஜினைச் சுற்றி உசுப்பிவிடுகிற இரும்புக் கைப்பிடி இல்லை. அது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்து என்ன பிரயோசனம்? மறுபடி வீடு வீடாகத் தேடினேன். தூக்கியவர்கள் ஒருத்தரும் அதைத் தூக்கவில்லை என்றார்கள். கடப்பாரையை வளைத்து நுழைத்துப் பார்த்தேன். அது வழுக்கி என் மணிக்கட்டில் அடித்து வீங்கியதுதான் மிச்சம். மாதிரி இல்லாமல் எப்படி அடிப்பது என்று கொல்லரும் கையை விரித்துவிட்டார்.

நேற்றுத்தான் சடையன் வாயைத் திறந்தான். வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தானாம். என் மணிக்கட்டைப் பார்த்ததும் தாங்கவில்லை. பாதை மலையேறி முடிகிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனான். அங்கே வழிக்கருப்பன் கோயிலில், வேல்களுக்கு நடுவே நட்டிருந்த ஒன்றைக் காட்டினான். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் செருகி நின்றது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்து, வளைந்து, நம் கைப்பிடி.

மாமா, அதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! யாரோ கோணலாக அடித்த வேல் என்று நினைத்திருந்தேன். காய்ச்சலில் நீங்கள் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது ஓடிப்போய் அதன் காலில்தான் விழுந்தேன். அதற்குத்தான் குங்குமம் வைத்து உங்கள் உயிரைக் கேட்டேன். உங்கள் காரின் கைப்பிடியிடம் உங்களைக் கேட்டு அழுதிருக்கிறேன். இதை என்னிடம் சொல்லாமல் எப்படி இருந்தீர்கள்?

கார் மேலே வந்த அன்று, கைப்பிடியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் ஊன்றிக்கொண்டு நீங்களே கொண்டுவந்தீர்களாம். கருப்பன் முன்னால் நட்டுவிட்டு, சடையன் காதுபடச் சொன்னீர்களாம்: "கருப்பா, இது என் கையில இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன். ரோட்டுக்கு முந்தியே ஓட்டிப் பாத்து எதாச்சும் பள்ளத்துல உழுந்துருவேன். ரோடு வர்ற அன்னிக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உங்களை உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சாமிக்குக் கொடுத்ததைக் கேட்காமல் எடுக்க முடியுமா? அதனால்தான் இன்று காலையில் பூக் கேட்டோம். பூசாரி வெள்ளையன் நனைத்த பூவைக் கருப்பன் மேல் ஒட்டிவைத்தார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். நான் கண்ணை மூடவே இல்லை. இமைக்காமல் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் விழுந்தது. இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். அதுவும் இடப்பக்கம்.

"ரோடு வந்தா வாங்கிக்கிறேன்னு சொல்லித்தான வெச்சாருங்க?" என்றார் பூசாரி. "ரோடு வரலீங்களே. சாமி எப்படிங்க குடுக்கும்?"

எனக்கு வந்த கோபத்தில் கருப்பனிடமே சண்டைக்குப் போனேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாயாக்கும், இதே கையால் உயிரைக் கேட்டேனே, அன்றைக்கு எங்கே போனாய் என்று கத்தினேன். பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். கருப்பன் கத்தியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

இதோ, மறுபடி எழுந்து போய் வந்தேன். காரைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. ஒரு உசுப்பு இல்லை. சாமிக்கு நட்டதை அளவெடுத்து வேறொன்று அடிக்கக் கொல்லரும் கை வைக்க மாட்டார். கீழே போனால் அந்த மூலையில் நான் என்ன செய்வேன்? யார் வீட்டுக் குழம்புக்கு வெங்காயம் உரிப்பேன்? மோர் கடையக்கூட இன்றைக்கு மறந்துவிட்டேன். இருங்கள், அதையாவது கடைந்துவிட்டு வருகிறேன்.

மாமா! கயிறு! மத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் மத்துச் சுற்றுகிறது. பின்சக்கரத்தைக் கையால் உருட்டினால் முன்னால் இன்ஜினும் சேர்ந்து சுற்றுவதை நானே பார்த்திருக்கிறேனே! கைப்பிடி எதற்கு? மோர்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டேன். சடையனைக் கூப்பிட ஓடுகிறேன்.

*

ஆடிப் பதினெட்டு போய்விட்டது. இப்போதுதான் மறுபடியும் உட்காருகிறேன். கையில் மாவு. காகிதத்தில் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை.

அன்றைக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே உங்கள் அண்ணன் வந்துவிட்டார். பின்னாலேயே கழிகளோடு ஆட்கள். எல்லாரும் அன்றைக்குத் தூக்கிவந்த அதே முகங்கள்தான். இறக்கவும் அவர்களைத்தானே கூப்பிட வேண்டும்? கழிகளைக் கொட்டகை ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். என் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு தடவை இழுத்துப் பாத்துக்கிறேனுங்க" என்றேன். இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை.

இன்ஜினைக் கட்டித் தூக்கிய கயிற்றையே எடுத்துச் சக்கரத்தில் சுற்றினான் சடையன். நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். நீங்கள் உட்கார வேண்டிய இடம். சேந்தமங்கலத்து பஸ்ஸில் பார்த்தபடியே கியரைப் போட்டேன். கையிருப்பு ஒரு புட்டி பெட்ரோல்தான். அதில் உசுப்பி, பிறகு கரிக்கு மாற்ற வேண்டும். சடையனும் அக்கம்பக்கத்து ஆட்களும் இழுத்தார்கள். கார் முட்டுக்கட்டையிலிருந்து நழுவி ஒரு முழம் முன்னால் குதித்தது! எல்லாரும் சிதறி ஓடினார்கள். உங்கள் அண்ணன் மட்டும் ஓடவில்லை. பயத்தில் கால் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

மறுபடி தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்துக்கு அண்டைகொடுக்க ஏதாவது கனமாக வேண்டும் என்று தேடினோம். மூலையில் என் ஆற்றுக் கல் கிடந்தது. எண்ணெய் பூசிப் பளபளவென்று. சக்கரத்துக்கு முன்னால் உருட்டி வைத்தேன். என்ன அருமையாகப் பொருந்தியது தெரியுமா? அதுவும் கார்ச் சாமான்தான் என்று நான் நினைத்தது சரியாகப் போயிற்று.

இழுத்தார்கள். ஒன்றுமில்லை. என் அவசரத்தில் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றினேன். இழுத்தார்கள். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். இருமக்கூட இல்லை. மூக்கைத் துளைக்கிற வாசனை மட்டும் வந்தது. அப்போதுதான் உறைத்தது. பசித்த பிள்ளைக்கு வாயில் அடைத்து அடைத்து ஊட்டுகிற மாதிரி ஊற்றித் தொலைத்திருக்கிறேன். அதற்கு மூச்சு முட்டிவிட்டது. புட்டியில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

"காய வெக்கோணும்" என்றேன். "கொஞ்ச நேரம் சும்மா இருக்கோணும்."

சும்மா இருப்பது! அதைத்தான் நானும் நீங்களும் வாழ்நாளில் செய்ததில்லை. அத்தனை பேர் பார்க்க, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அண்ணன் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். ஆட்கள் கழிகளைப் பார்த்தார்கள். என் கால் ஆடியது, கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்து எதையாவது கழற்றி மாட்டு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. உங்களை நினைத்தேன். கைப்பிடியைக் கருப்பனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்து வந்தீர்களே, அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வார்த்தை சொன்னீர்களா? அந்த வலியைத்தான் நான் அப்போது அனுபவித்தேன்.

வாசனை அடங்கியதும், "இப்ப இழுங்க" என்றேன். சடையனும் அக்கம்பக்கத்து ஆட்களும் களைத்திருந்தார்கள். கயிறு அசைந்து நின்றது. உங்கள் அண்ணன் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கினார்.

"என்னங்கடா வேடிக்கை பாக்கறீங்க? வந்து பிடிங்கடா!"

இறக்குவதற்காக வந்தவர்கள் அத்தனை பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். தேர் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். கார் ஒருமுறை இருமியது. தும்மியது. கரும்புகையைக் கக்கிவிட்டு, மாமா, ஓடியது! கயிறு பிய்த்துக்கொண்டு பறந்து கூரையில் விழுந்தது. எனக்குக் கிளச்சை மிதிக்கவே மறந்துவிட்டது. சடையன் "மிதிங்கம்மிணி, மிதிங்க!" என்று கத்தினான். மிதித்தேன். பெல்ட்டை மாட்டினார்கள். கரிக்கு மாற்றினேன். கொஞ்சம் முனகியது, நிற்கவில்லை. கல் சுற்ற ஆரம்பித்தது.

உங்கள் அண்ணன் பக்கத்தில் வந்து, சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"அம்மிணி, இதை நிறுத்தறதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க!"

அப்போதுதான் அவர் சிரித்தார். உங்கள் சிரிப்பு அவரிடமும் கொஞ்சம் இருக்கிறது என்பதை இத்தனை வருசத்தில் நான் கவனித்ததே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. கரி முகத்தோடு எல்லார் முன்னாலும் அழுதேன். ஒருத்தரும் தப்பாக நினைக்கவில்லை.

சாயந்திரம் அவர் இறங்கும்போது, கொண்டுவந்த கழிகளை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். கொட்டகைக்கு இன்னொரு பக்கம் தாழ்வாரம் இறக்கிக்கொள்ளச் சொன்னார். மூலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அரைத்த மாவில் ஒரு படி மடியில் கட்டிக்கொண்டார்.

இப்போது காலையில் வாசலில் பெண்கள் கேப்பைக் கூடையோடு வந்து நிற்கிறார்கள். தினமும் கயிறு இழுக்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. சில நாள் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. நேற்றுப் பெல்ட் அறுந்து என் காதோரமாகப் பறந்தது. எது எப்போது கழன்று விழும் என்று தெரியாமல் படபடப்பாகவே இருக்கிறது. ஆனால் இந்தப் படபடப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களோடு குடித்தனம் நடத்திய காலம் மாதிரியே இருக்கிறது.

அன்றைக்கே முதல் மாவில் ஒரு கை எடுத்துக்கொண்டு கருப்பனிடம் போனேன். கல்லின் சூடு மாவில் இன்னும் இருந்தது. சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. உங்களிடம் கொடுத்த வாக்கை அவன் என் அழுகைக்காகக்கூட மாற்றவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்த மலையில் நீங்கள் இன்னும் சாகவில்லை என்று நம்புகிற ஆள் அவன் ஒருத்தன்தான். அவன் நம்பிக்கையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? கைப்பிடிக்குக் கொஞ்சம் மாவு பூசிவிட்டு வந்தேன்.

எதற்குக் கழற்ற வேண்டும் என்று சடையன் கேட்டானே, அதற்கும் பதில் கிடைத்துவிட்டது. அதைத்தான் உங்களுக்கு வாக்காகக் கொடுக்கிறேன். என்றைக்காவது அந்தக் குச்சி நட்ட ஆட்கள் ரோட்டைக் கொண்டுவருவார்கள். நான் கிழவியாகியிருக்கலாம், கண் மங்கியிருக்கலாம். அன்றைக்குப் பெல்ட்டை அவிழ்ப்பேன், பீப்பாயை இறக்குவேன், உத்தரத்தில் தொங்குகிற டயரை எடுத்து மாட்டுவேன். கருப்பனிடம் போய், ரோடு வந்தாச்சு, குடு என்பேன். பூ வலப்பக்கம் விழும். நீங்கள் சொன்னபடி முதல் கார் மேலேயிருந்து கீழேதான் போகும். உங்கள் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தி, காரவள்ளி முழுக்கக் கேட்கிற மாதிரி ஹாரன் அடிப்பேன். அதுவரை யார் கூப்பிட்டாலும் வர மாட்டேன். இந்த மலையை விட்டு இறங்கினால், உங்கள் காரில்தான் இறங்குவேன்.

கையெல்லாம் மாவும் கரியுமாக,
உங்கள் வீட்டுக்காரி
பாவாயி